ஏரி ஸ்டுடியோக்காரர்

அவர் யாரையும் வந்தவுடனே படம் எடுத்ததில்லை. தொழிலில் அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம் அதுதான். தொழில் பெரிதாக ஓங்காமல் போனதற்குக் காரணமும் அதுதான். கோயமுத்தூர் பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில், அவருடைய ஸ்டுடியோ இருந்தது. பெயர்ப்பலகையில் என்னவோ சாமி பெயர் எழுதியிருந்தார். ஊர் அதை ஏரி ஸ்டுடியோ என்றுதான் சொன்னது.

ஆள் படியேறி வந்து, தலையைச் சீவி, பவுடர் பூசி, ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்து “எடுங்க” என்பார். இவர் “எந்திரிங்க” என்பார். எழுந்து, பின்னால் தொங்குகிற திரையைப் பார்த்து நிற்கவேண்டும். திரையில் ஒரு ஏரி இருக்கும். நம் ஊர் ஏரி இல்லை, வேறு ஏதோ தேசத்து ஏரி, அவரே வரைந்தது.

“நல்லாப் பாருங்க. அவசரமில்லீங்க. பாத்துட்டுத் திரும்புங்க.”

பார்த்தாயிற்று என்று சட்டெனத் திரும்புகிறவர்களை மறுபடி திருப்பி நிறுத்துவார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர்களுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். எதைப் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பொடனி எறங்கோணுங்க தம்பி. பொடனி எறங்கிருச்சுன்னா மூஞ்சி சரியாயிருச்சுன்னு அர்த்தம்” என்றார். பிடரியும் தோளும் தளர்ந்து இறங்கியதும் “இப்பத் திரும்புங்க” என்பார். அடுத்த நொடி கேமராக் குழாயில் மாட்டிய ரப்பர் பந்தை அமுக்கிவிடுவார். எடுத்துவிட்டார் என்று தெரிவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

நான் அப்போது பம்புசெட் விற்றுக்கொண்டிருந்தேன். கம்பெனி கொடுத்த விளக்கப் படங்களைப் பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பெருந்துறை என்று பஸ் ஏறுவேன். தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, இத்தனை ஆழத்துக்கு இந்த மோட்டார் என்று சொல்வது என் பிழைப்பு. ஸ்டுடியோவுக்கு எதிர் வரிசையில்தான் எங்கள் வீடு. ஊரிலிருந்து திரும்பிய சாயங்காலங்களில் அவரிடம் போய் உட்காருவேன். டீ வரும். ஏரிக்கதை வரும். எனக்கு அவருடைய ஏரிகளின்மேல் பெரிய மரியாதை கிடையாது. தண்ணீருக்காகப் பாறையை வெடிவைத்து உடைக்கிற சீமையில், இப்படித் தரைமேலேயே தண்ணீர் சும்மா கிடக்கிறது என்று ஒருவர் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “நம்ம சனம் தண்ணிய எங்கீங்க பாக்குது? கெணத்துக்குள்ள. தெனமும் குனிஞ்சு குனிஞ்சு பாத்து அல்லாரு மூஞ்சியும் கீழ இழுத்துக்கிச்சு. இந்த மூஞ்சிய அப்படியே எடுத்தா போலீசு ஸ்டேசன்ல ஒட்டற படமாட்ட இருக்கும். பரந்த தண்ணியச் சித்த நேரம் நேராப் பாத்தா மூஞ்சி தன்னால சரியாயிருதுங்க.”

“வரஞ்ச தண்ணிதானுங்களேண்ணா” என்றேன்.

“மூஞ்சிக்கு அது தெரியாதுங்க தம்பி.”

அவர் முதலில் வரைந்தது சுவிட்சர்லாந்து ஏரி. ஊரில் இருக்கிற மில்களுக்கெல்லாம் அந்த தேசத்திலிருந்து நூற்பு மெஷின் வந்த காலம். மெஷினோடு காலண்டரும் வரும். ஒவ்வொரு தாளிலும் ஒரு ஏரி, பின்னால் பனி மலை, ஓரத்தில் ஒரு மரவீடு. மில் அதிகாரிகளைப் பிடித்து வருஷம் முடிந்த காலண்டர்களை வாங்கி வந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். கல்யாண ஜோடிகள் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள்.

அந்தத் திரையால் ஒரு வேடிக்கை நடந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, தாராபுரம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் படத்தோடு பெண் வீட்டுக்கே வந்துவிட்டார். “பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. பொறத்தாண்ட கெடக்கற தண்ணி உங்குளுதுங்களா? எத்தன ஏக்கராப் பாயுது?” என்று கேட்டாராம். பெண்ணின் அப்பா இல்லை என்று சொல்ல மனசு வராமல் தலையைச் சொறிந்துவிட்டு, “அது பொதுத்தண்ணிங்க” என்றிருக்கிறார். தாய்மாமன் விடவில்லை. மடை எந்தப் பக்கம், மீன் ஏலம் யாருக்கு என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் உண்மை தெரிந்து சிரித்துக்கொண்டே நிச்சயம் பண்ணினார்கள். ஆனால் பெண்ணின் அப்பா நேராக ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்க, எனக்கு இன்னும் ரெண்டு புள்ளைக இருக்குதுங்க. ஒரு நல்ல கெணத்த வரஞ்சு வெச்சுப்போடுங்க. பாக்கறவிகளுக்குச் சந்தேகம் வராது.”

“கெணறு வரையமாட்டனுங்க.”

“ஏனுங்க?”

“அதப் பாத்துத்தானுங்களே உங்க மூஞ்சி இப்படி இருக்குது.”

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மற்ற இரண்டு பெண்களையும் வேறு ஸ்டுடியோவில் எடுத்தார்.

இரண்டாவது, உறைந்துபோன ஏரி. வழவழப்பான தாளில் ரஷ்யப் பத்திரிகை ஒன்று அப்போது மலிவாகக் கிடைக்கும். ஊரில் எல்லாரும் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட அதை வாங்கினார்கள். இவர் ஏரிக்காக வாங்கினார். பைக்கால் என்று ஒரு ஏரி. உலகத்திலேயே ஆழமானதாம். குளிர்காலத்தில் மேலே உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். மேலே நின்றால் காலுக்கடியில் பச்சையாக ஆழம் தெரியுமாம். வெள்ளை வெள்ளையாக விரிசல் ஓடியிருக்குமாம். அதை அவர் திரையோடு நிறுத்தவில்லை. துணியைத் தரைவரை நீட்டி, ஆட்கள் நிற்கிற இடத்திலும் ஐஸை வரைந்துவிட்டார். பெருந்துறைப் பக்கத்து விவசாயி ஒருவர் அதில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். பிறகு ஒரு காலை வைத்து, லேசாக அமுக்கிப் பார்த்து, “தாங்குமுங்களா?” என்றார். நான் அப்போது அங்கே இருந்தேன். சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை. “அங்க லாரியே ஓட்டறாங்களாமுங்க. நீங்க தைரியமா வாங்க” என்றார். அந்தப் படத்தில் அந்த மனிதர் குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார். ஆனால் முகம் நன்றாக வந்திருந்தது. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ரோஸ் ஏரி. ஆப்பிரிக்காவில் எங்கேயோ கடலோரத்தில் இருக்கிறதாம். உப்பு ஏறி ஏறித் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டதாம். உடம்பெல்லாம் ஒரு கொட்டையின் வெண்ணெயைத் தடவிக்கொண்டு ஆட்கள் இறங்கி, அடியிலிருந்து உப்பை வாரிப் படகில் கொட்டுவார்களாம். அந்த ரோஸை வரைய அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதால் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கலைத்துவிட்டு வேறு ரோஸ் கலந்தார். அப்போது எடுத்த படமெல்லாம் கறுப்பு வெள்ளைதான்.

“எப்படியும் சாம்பலாத்தானுங்களேண்ணா வரப்போகுது? கரியில வரஞ்சாப் போதாதுங்களா?” என்றேன்.

“படத்துக்குச் சாம்பல் போதுமுங்க. நிக்கற மனுசனுக்கு ரோஸ் வேணுமில்லீங்களா?” என்றார்.

அந்தத் திரைமுன் கல்யாணப் பெண்கள் யாரும் நிற்கவில்லை. உப்புத் தண்ணீர் என்று கேள்விப்பட்டதுமே அம்மாக்கள் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குப் போய்விடுவார்கள். ஜெருசலேம் போய்வந்த பாதிரியார் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சாக்கடலையும் வரைந்தார். ஆள் மிதந்துகொண்டே பேப்பர் படிக்கிற மாதிரி. பெயரை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். ஒருவரும் அதன் பக்கமே போகவில்லை. அதன்மேல் வெள்ளை அடித்துத்தான் கடைசித் திரையை வரைந்தார்.

கடைசித் திரைக்குக் காரணம் கோட்டைமேட்டு அத்தர் வியாபாரி ஒருவர். இளவயதில் ஜாவா பக்கமெல்லாம் வியாபாரத்துக்குப் போனவர். அங்கே ஒரு தீவில், எரிமலை உச்சியில், அடுத்தடுத்து மூன்று ஏரி இருக்கிறது என்று அவர் சொன்னார். எல்லாம் ஒரே மலையில் ஒரே மழையில் நிறைகிற தண்ணீர்தான். ஆனால் மூன்றும் மூன்று நிறம். ஒன்று மயில்துத்தம் கரைத்த மாதிரி நீலம். ஒன்று பச்சை. ஒன்று கறுப்பு. வரைந்து முடித்ததும் அத்தர் வியாபாரியைக் கூட்டிவந்து காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு. ஆனா நான் பாத்தப்ப இந்த நெறம். அது மாறிக்கிட்டே இருக்கும்ல. இப்ப என்ன நெறத்துல கெடக்கோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.”

அவ்வளவுதான், ஸ்டுடியோக்காரர் நிம்மதி போயிற்று. அதற்குப் பிறகு அந்த மூன்று ஏரிகளையும் அவ்வப்போது மாற்றி வரைந்துகொண்டே இருந்தார். நீலம் சிவப்பாகும், கறுப்பு பச்சையாகும். அங்கே என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு எந்த வழியும் கிடையாது. தெரியாமலேயே மாற்றினார். “மாறிட்டே இருக்கறத அப்படியே உட்டுப்போட்டா அது பொய்யிங்க” என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியாது.

அந்த ஏரிகளைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். “செத்துப்போனவிக அங்கதான் போறாங்கன்னு அந்தத் தீவுக்காரங்க சொல்லுவாங்களாமுங்க. வயசாகிப் போனவிகளுக்கு ஒண்ணு. சின்ன வயசுல போனவிகளுக்கு ஒண்ணு. கெட்டதுகளுக்கு ஒண்ணு.”

“நம்மூர்ல எல்லாத்தையும் ஒரே ஆத்தங்கரைக்குத்தானுங்களே கொண்டுபோறோம்” என்றேன். அதற்கு அவரும் சிரித்தார்.

இத்தனை ஏரி வரைந்த மனிதர் ஒரு ஏரியையும் பார்த்ததில்லை. அமராவதி அணை கட்டி முடித்த புதிதில் உடுமலைப்பேட்டைக்கு ஒரு வேலையாகப் போனபோது அவரையும் கூட்டிப் போனேன். அணை நிறையத் தண்ணீர். சனம் திருவிழா மாதிரி வந்திருந்தது. மதில் ஓரமாகப் போய் நின்றேன். அவரைக் காணோம். திரும்பிப் பார்த்தால், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வந்திருந்த சனத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி தண்ணீரைப் பார்த்தார். இவர் அந்தக் கிழவருக்கு எதிரே போய் நின்றுகொண்டார். “கேமராப் பொட்டியக் கொண்டாராம உட்டுப்போட்டனுங்களே தம்பி” என்று பஸ் ஏறும்வரை புலம்பினார். தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். “தண்ணிங்களா? இருந்துதுங்க” என்றார்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். சாயங்காலம் நான் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினால் அவளும் வந்துவிடுவாள். டீயில் பாதி அவளுக்கு. அவளுக்குச் சுவிட்சர்லாந்து பிடிக்கவில்லை, ஐஸும் பிடிக்கவில்லை. மூன்று ஏரித் திரைதான் பிடிக்கும். படியேறும்போதே “இன்னிக்கு என்ன நெறம்?” என்று கத்துவாள். மேலேயிருந்து அவர், “வந்து பாருங்க அம்மணி” என்பார். திரைக்கு முன்னால் போய்ப் பின்கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டில் ஒரு இடத்தில் நில்லாதவள். நேற்று இருந்த நிறத்தையும் இன்றைய நிறத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். நிறம் மாறவில்லையென்றால் அவளுக்குக் கோபம் வரும். அவள் கோபத்துக்குப் பயந்தே அவர் அடிக்கடி தூரிகையை எடுத்தார் என்று நினைக்கிறேன்.

“பாப்பாவ ஒரு படம் எடுத்துப்போடலாமுங்களா தம்பி? இப்படி நிக்கற ஆளு எனக்குக் கெடச்சதே இல்லீங்க” என்று பலமுறை கேட்டார்.

முடியாது என்றேன். என் மனைவிக்கு அதில் பயம். அவளுடைய அக்காவின் பையனைப் பொள்ளாச்சியில் படம் எடுத்தார்கள். பிரிண்ட் கைக்கு வருவதற்குள் பையன் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் சின்னக் குழந்தைகளைப் படம் எடுப்பதில்லை. ஆயுசு குறைந்துவிடும் என்பாள். எனக்கு அதில் நம்பிக்கையுமில்லை, அவளோடு சண்டை போடுகிற அளவுக்கு அவநம்பிக்கையுமில்லை. ஒருநாள் அவளே மாடிப்படி வரைக்கும் வந்து அவரிடம் நேராகச் சொல்லிவிட்டாள். “அண்ணா, அவ பாத்துட்டு வரட்டுமுங்க. மூஞ்சிய மட்டும் எடுத்துப்போடாதீங்க. அஞ்சு வயசு தாண்டட்டும், நானே கூட்டியாறேன்.” அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “எடுக்கமாட்டனுங்க அம்மணி” என்றார்.

பாப்பா அஞ்சு வயசு தாண்டவில்லை. தொண்டையில் அடைப்பான் வந்தது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விடியற்காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அன்று நடந்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் யாருக்கோ நடந்த மாதிரிதான் இருக்கிறது. யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தேன். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம் என்று தோன்றியது. என் மனைவி அழுது முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க, மூஞ்சி மறந்துபோயிருமுங்க. அந்த அண்ணனக் கூப்புடுங்க.”

இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது அப்போது எல்லா வீட்டிலும் உண்டு. அவரே எத்தனையோ வீடுகளுக்குப் போய் எடுத்திருக்கிறார். என் மச்சினன் போய் அழைத்துவந்தான். கேமரா மட்டும் கொண்டுவந்தார், திரை கொண்டுவரவில்லை. பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்து, வாசலில் நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்தார்கள். வெயில் சாய்வதற்குள் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அவர் கறுப்புத் துணிக்குள் போனார். வெளியே வரவில்லை. ரப்பர் பந்து கையில் இருந்தது. அதை அமுக்கவில்லை. எல்லாரும் நின்றோம். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. கடைசியில் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“வெளிச்சம் பத்தலீங்க” என்றார்.

நடுமத்தியானம். வாசலில் கண் கூசுகிற வெயில். அவர் கேமராவை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மச்சினன் வேறு ஸ்டுடியோவுக்கு ஓடினான். அந்த ஆள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். வீட்டில் எல்லாரும் ஏரி ஸ்டுடியோக்காரரை வாயில் வந்தபடி திட்டினார்கள். என் மனைவி திட்டவில்லை. பாப்பாவைத் தூக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்கவில்லை. மனப்பாடம் பண்ணுகிறாள் என்று புரிந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் நான் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். ஒரு தோட்டத்தில் கிணற்றை எட்டிப் பார்த்து, எந்த மோட்டார் சரியாக இருக்கும் என்று விளக்கினேன். விற்றது. வீட்டில் என் மனைவி சமைத்தாள், நான் சாப்பிட்டேன். சில நாள் காலையில் எழுந்ததும், “மூக்கு நெனப்புல இருக்குதுங்க. கண்ணு இருக்குது. வாய்தான் சரியா வரமாட்டீங்குது” என்பாள். எனக்கு எதுவுமே வரவில்லை.

ஸ்டுடியோ பக்கம் நான் போகவில்லை. அவர்தான் ஒரு சாயங்காலம் பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார்.

“தம்பி, ஒண்ணு சொல்லோணுங்க.”

“சொல்லுங்ணா.”

“பாப்பாவ ஒருக்கா எடுத்துப்போட்டனுங்க.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“காச்சல் வாரதுக்கு முந்தின வாரமுங்க. நீங்க கீழ சைக்கிள் கடைக்குப் போயிருந்தீங்க. புள்ள திரையப் பாத்துட்டு நின்னுச்சு. பொடனி எறங்கி அப்படி ஒரு நிப்பு. எனக்குப் பொறுக்கலீங்க. மூஞ்சி எடுக்கலீங்க தம்பி, சத்தியமா. உங்க ஊட்டுல மூஞ்சியத்தானுங்களே வேண்டாம்னாங்க? முதுகுதானுங்க எடுத்தேன். முதுகுக்கு ஒண்ணுமில்லீன்னு நெனச்சுப்போட்டேன்.” சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆயுசு கொறையும்ங்கறது மூஞ்சிக்குத்தானுங்களே? முதுகுக்கும் உண்டுங்களா?”

பெரிய மனுஷர் ஒருவர் நடுத்தெருவில் என்னிடம் இதைக் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. “எனக்குத் தெரியலீங்ணா” என்றேன். அவர் கையை விட்டுவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு அட்டையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் ஏரியைப் பார்க்கச் சொன்னதில்லை என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களைப் போல உட்காரவைத்து, “ரெடி” என்று சொல்லி எடுத்துவிடுவாராம். கூட்டம் கூடியதாம். மூன்று ஏரிகளும் கடைசியாக இருந்த நிறத்திலேயே நின்றுவிட்டன.

படத்தை நான் பம்புசெட் விளக்கப் படங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எடுக்காதீர்கள் என்று மாடிப்படி வரைக்கும் போய்க் கேட்டவள் அவள். காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் எடுத்த படம் இது. இதைப் பார்த்தால் தன் பிள்ளையை இது கொன்றது என்று நினைப்பாள். ஜென்மத்துக்கும் அந்த நினைப்பு அவளை விடாது. கொடுக்காவிட்டால், பாப்பா இருந்தாள் என்பதற்கு வீட்டில் ஒரு பாவாடையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு அடையாளம் அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. மூக்கும் சந்தேகமாக இருக்கிறது என்று அவள் சொன்ன அன்று கொடுத்துவிட்டேன்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். படத்தில் மூன்று ஏரிகளும் மூன்று சாம்பலாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் பாப்பா பின்கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரட்டைச் சடை, குட்டைப் பாவாடை, வெறுங்கால்.

“ஒரு பக்கம் ரிப்பன் அவுந்திருச்சு பாருங்க” என்றாள். பிறகு, “இது எப்பங்க எடுத்தது?” என்றாள்.

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நான் சைக்கிள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் எடுத்ததையும், முகத்தை விட்டுவிட்டதையும், என்னிடம் கேட்டதையும் சொன்னேன். அழுவாள், சபிப்பாள், மாடியேறிப் போய் அவர் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். சடையை விரலால் தடவினாள்.

அப்புறம் அட்டையைத் திருப்பினாள்.

பின்பக்கம் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள். மறுபடி பின்பக்கம் திருப்பினாள். அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“இந்தப் பக்கமும் மூஞ்சி இல்லீங்களே” என்றாள்.